சிரித்தாளா, இல்லையா?

கண் பரிசோதனை அட்டையை யாரோ நாலாக மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் பார்ப்பது என் வேலை. நான் டாக்டர் இல்லை, உதவியாளர்தான். ஆனால் மலையில் எல்லோருக்கும் நான் டாக்டரம்மா. திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்த மிளகு விவசாயிக்கு வாசிக்கக் கொடுக்க வேறெதுவும் அகப்படாமல், என் பையிலிருந்த சித்திரக்கதைப் புத்தகத்தை நீட்டினேன்.

"இந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

படித்தார். அடுத்த கட்டத்தையும் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஊட்டுல போயி நல்லாப் பாத்துட்டு வாரனுங்க" என்று கிளம்பிவிட்டார். கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கதை இந்த மலையைக் காக்கிற பாவையைப் பற்றியது. அசுரர்கள் மலையேறி வந்தால் மறிப்பதற்காக நிறுத்திவைத்த பெண்சிலை. கிட்டே வந்தவனைப் பார்த்து அவள் சிரித்தால் அவன் கதை முடிந்தது. தன் ஊர்ச் சாமி வண்ணப்படத்தில் வந்தால் யார்தான் கீழே வைப்பார்கள்?

இரண்டாம் பாகத்தை, மிளகு காய்கிற களத்து வெயிலில், மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்தார். மூன்றாம் பாகம் வந்தபோது புரை முற்றிவிட்டது. அதனால் அவர் மனைவி வாசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் அசுரன் பேசும் இடத்தையெல்லாம் தன் கொழுந்தனார் குரலில் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் நானும் போய் உட்கார்ந்துவிடுவேன். பஸ் கண்டக்டரும் எங்களில் ஒருவர். கூரியர்க்காரர் மலையேற மாட்டார், பார்சலை அடிவாரத்தில் பேளுக்குறிச்சிக் கடையொன்றில் போட்டுவிட்டுப் போவார். அங்கிருந்து எடுத்துவருவது கண்டக்டர்தான். ஒரு பார்சலும் பிரியாமல் வந்ததில்லை. கேட்டால், "வளைவுல குலுங்கிப் பிரிஞ்சுக்குதுங்க" என்பார்.

மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில்தான் சண்டை வந்தது. அசுரன் அல்ல, தேனெடுக்கப் போய் வழி தவறிய ஒரு பையன் பாவைக்கு எதிரில் வந்து நின்றுவிடுகிறான். பக்கம் முழுக்க அவள் முகம். அதோடு பாகம் முடிந்துவிட்டது. சிரித்தாளா, இல்லையா?

சிரிக்கவில்லை என்றேன் நான். கண்டக்டரும் அப்படியே. வாசித்த அம்மாளும் உதடு மூடித்தான் இருக்கிறது என்றார். மிளகுக்காரர் மட்டும் ஒற்றைக் காலில் நின்றார். "சிரிக்கறாளுங்க. இடது ஓரத்துல உதடு லேசாத் தூக்கியிருக்குது. எனக்குத் தெரியாதுங்களா?"

"அது உங்க கண்ணுல இருக்கற புரைங்க."

அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நாலாம் பாகமோ வருகிற வழியாக இல்லை. ஓவியருக்குக் கைவலி என்றார்கள், அச்சில் இருக்கிறது என்றார்கள், மறுபடியும் கைவலி என்றார்கள். கண்டக்டர் ஒவ்வொரு நடைக்கும் செல்போனைப் பார்த்துப் புதிது புதிதாக வதந்தி இறக்கினார். இதற்கு நடுவில் கண் முகாம் வேன் மலைக்கு வந்தது, போனது. அறுவைக்குக் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் மிளகுக்காரரின் பதில் ஒன்றுதான். "அடுத்த பாகம் வரட்டுமுங்க. ஆப்பரேசன்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா அவ சிரிச்சதப் பாக்காமயே போயிருவனுங்களே." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்னால் இருக்கிற என் முகமே அவருக்குத் தெரியவில்லை, வராத புத்தகத்துக்குக் கண்ணைக் காப்பாற்றுகிறாராம்!

ஒருநாள் மிளகு பறிக்க ஏணியில் ஏறியவர், இறங்கும்போது படி தெரியாமல் காலை வெறுங்காற்றில் வைத்துவிட்டார். அவர் மனைவி என் அறைக்கு வந்து அழுதார். "இன்னைக்குக் காப்பிச் செடி தாங்கிக்கிச்சுங்க டாக்டரம்மா. நாளைக்குப் பாறையில உழுந்தா நான் என்ன பண்ணுவேன்?" எனக்கு என் கோபத்தை நினைத்துச் சீ என்றிருந்தது.

கடைசியில் வழி சொன்னதும் அந்த அம்மாள்தான். "அம்மன்கிட்டயே பூப் போட்டுக் கேட்டுப் போடலாமுங்க." கல்யாணம், கிணறு, காடு வாங்குவது என்று எதற்கும் இங்கே அப்படித்தான். இரண்டு இலைப் பொட்டலங்களில் ஒன்றில் வெள்ளைப் பூவும் மற்றதில் சிவப்புப் பூவும் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி எடுக்கிற பொட்டலம் சாமி உத்தரவு. வெள்ளை வந்தால் வேன், சிவப்பு வந்தால் நாலாம் பாகம் என்று முடிவாயிற்று. அரளி பறித்துப் பொட்டலம் மடித்தது அவர் மனைவி. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு நோயாளியின் அறுவை சிகிச்சைக்கு அம்மன் உத்தரவு கேட்கக் கைகட்டி நின்ற ஒரே வேதக்காரி நானாகத்தான் இருப்பேன். வாய்க்குள் ஏசுவையும் கூப்பிட்டு வைத்தேன்.

வெள்ளை வந்தது. கண்டக்டர் கைதட்டினார். மற்றப் பொட்டலத்தை அந்த அம்மாள், "கீழ கெடந்தா மிதிபடுமுங்க" என்று இடுப்பில் செருகிக்கொண்டார்.

சாமி சொல்லை அவர் மீறவில்லை. வேனில் நாமக்கல் போய், வலது கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு சினிமாக்காரர் மாதிரி பஸ்ஸிலிருந்து இறங்கினார். புண் ஆறி, வாசிப்புக் கண்ணாடி வாங்க மனைவியோடு என் அறைக்கு வந்தார். நான் புது அட்டையை எடுத்தேன். "அது கெடக்கட்டுமுங்க" என்று பையிலிருந்து மூன்றாம் பாகத்தை உருவினார்.

நான் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசிப் பக்கத்தைப் பிரித்து நெடுநேரம் பார்த்தார். சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

"சிரிக்கலீங்க" என்றார். குரலே இறங்கிவிட்டது. "நல்லாத்தானுங்க பாத்தேன். இந்த ஓரத்துல..."

எனக்கே பாவமாக இருந்தது. அவள் சிரித்தே இருக்கலாம் என்று தோன்றியது.

அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்தார். அவர் மனைவி சுவரோரம் நின்றிருந்தார். உதட்டின் இடது ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. அவர் இத்தனை நாளும் பாவையின் முகத்தில் பார்த்த அதே சிரிப்பு. அவர் அந்த முகத்தைத் தெளிவாகப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ!

"இப்படிச் சிரிச்சீன்னா எவனோ மாட்டிக்கிட்டான்னு அர்த்தம்" என்றார் மெதுவாக. பிறகு திடீரென்று, "ஏம்புள்ள, அந்த இன்னொரு பொட்டலத்துல என்ன பூவு?"

"அதும் வெள்ளைதானுங்க. அம்மன் கோவிச்சுக்க மாட்டா. அவளும் பொம்பளதான?" என்று அந்த அம்மாள் வாய்விட்டே சிரித்தார்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடக்கூடத் தோன்றாமல் மனைவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வரிசை முணுமுணுத்தது. நான் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.