ஆமை முதுகு வைத்த டெஸ்ட்ராயர்

மாடலின் முன்பக்கத்தைப் பார்த்ததும் கஸ்டமர் முகம் மாறிவிட்டது. "இது அந்தக் கப்பலே இல்லை" என்றார்.

ஷார்ஜாவில் கப்பல் மாடல் செய்யும் பட்டறை ஒன்றில் டிராயிங் பிரிவை நான் பார்த்துக்கொண்டிருந்த காலம். கஸ்டமர் ஓய்வுபெற்ற ஆங்கிலேய எஞ்சினியர். அவர் கேட்டது நூறு வருடத்துக்கு முந்தைய டெஸ்ட்ராயர்: பெரிய போர்க்கப்பல்களைத் தாக்க வரும் டார்பிடோ படகுகளைத் துரத்துவதற்கென்றே கட்டிய மெல்லிய, வேகமான கப்பல்.

டிராயிங்கில் அதன் முன்பக்க டெக், அதாவது மேல்தளம், ஆமை முதுகுபோல் இருபுறமும் சரிந்திருந்தது. துறைமுகத்தில் நான் பார்த்த கப்பல்களெல்லாம் முன்னால் மேல்நோக்கி விரிந்தவை. பழைய பிரிண்ட், கோடு பிசகியிருக்கும் என்று நானே முடிவு செய்தேன்.

"டிராயிங்ல வேற மாதிரி இருக்கே மேடம்?" என்று ஃபிட்டர் செல்வம் கேட்டார். புதுக்கோட்டைக்காரர்.

"நான் சொல்றேன்ல. விரிச்சே செய்யுங்க."

கஸ்டமர் வந்து பார்த்த நாளுக்கு மறுநாள்தான் செல்வத்துக்கு ஊருக்கு ஃப்ளைட். ஆறு வயது மகளுக்கு இதய ஆபரேஷன். பாஸ்போர்ட் முதலாளி காசிம் பாயின் மேசை டிராயரில் இருந்தது.

"யாரு மாத்துனது?" பாய் கத்தினார். "இத சரி பண்ணாம ஒருத்தனும் லீவுல போக முடியாது. கலாஸ், அவ்வளவுதான்!"

செல்வம் என் பக்கம் திரும்பவே இல்லை. "என் தப்புதான் பாய். கவனிக்காம விட்டுட்டேன்."

எனக்கும் ஏழு வயதில் ஒரு பெண். வேலை போனால் விசா போகும், அவள் பள்ளிக்கூடம் போகும். வாயைத் திறக்க ஐந்து நொடி ஆயிற்று.

"பாய், நான்தான் மாத்தச் சொன்னேன். அவர் கேட்டார். நான்தான் காதுல வாங்கல."

"படிச்சவுக நீங்க, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?" பாய் டிராயரை இழுத்தார். "இந்தாடா பாஸ்போர்ட். போய் புள்ளயப் பாரு. அம்மா, நீங்க ஒக்காந்து அரத்தப் புடிங்க."

கஸ்டமர் கோபம் தணிந்து விளக்கினார்: அந்த வேகத்தில் அலை மேலே ஏறும், தண்ணீர் வழிந்து ஓடத்தான் அந்த முதுகு.

ஒன்பது நாள் தேய்த்தேன். ஐந்தாம் நாள் செல்வம் போன் செய்தார். "கண்ணு முழிச்சிட்டா மேடம். எங்கம்மா மாதிரியே என்னய அதட்டுறா."

புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன்: டிராயிங் விநோதமாகத் தெரிந்தால் திருத்தாதீர்கள், கேளுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் செய்தால், பழியும் உங்களுடையது.

என் மகளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம், அந்த ஐந்து நொடியில் நான் பேசாமலே இருந்திருந்தால் செல்வத்தின் மகள் கண் விழித்தபோது அப்பா பக்கத்தில் இருந்திருக்க மாட்டார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.