மழை நாளில் பால் வெட்டியதாக எழுதிய கிளாக்கர்

யட்டியாந்தோட்டை பஜாரில் இரண்டு மாடி இரும்புக் கடையும் மூன்று லொறியும் வைத்திருக்கிற நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தவன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. கிளீனராக ஏறின லொறியையே பிறகு விலைக்கு வாங்கினவன் நான். அப்படி இன்னொரு ஆள் இந்தப் பக்கத்தில் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம். ஆனால் முதல் லொறி வாங்கின அன்றுகூட, போன வருஷம் ஒரு நாவலுக்காக அடித்துக்கொண்ட மாதிரி என் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

கடையின் மேல்மாடியை ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வாசிப்புக்கு விட்டிருந்தேன். என் மருமகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். அவள் சத்தமாக வாசிப்பாள்; தோட்டத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் பிளேன்டியைக் குடித்துக்கொண்டு கேட்பார்கள். முன் நாற்காலி என்னுடையது. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பது யாருக்கும் தெரியாது. கையில் கடிதம் வந்தால் கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று சொல்லியே முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

அந்த நாவல் ஓர் இறப்பர் தோட்டத்து பங்களாக் கதை. கோபக்காரத் துரை ஒருவர், அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடக்கிற அவர் மனைவி துரைசாணி. ஒரு சமயம் இரண்டு நாள் கதவு திறக்கவே இல்லை. உள்ளே அவள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. மூன்றாம் நாள் கதவை உடைத்துப் பார்த்தால் அறை காலி.

இதைக் கதாசிரியர் தன் வாயால் சொல்லவில்லை. கொஞ்சம் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிளாக்கரின் டயரி, கொஞ்சம் சமையல்காரர் சொல்வது, நடுநடுவே துரைசாணி தன் தங்கைக்கு எழுதின கடிதங்கள். டயரியைக் கேட்டால் சமையல்காரர் மேல் சந்தேகம் வரும். சமையல்காரர் பேச ஆரம்பித்தால் கிளாக்கர் கள்ளனாகத் தெரிவார். கடிதங்கள் பூச்செடியையும் வெயிலையும் பற்றியே பேசும். எனக்கு அந்தக் கடிதங்கள்தான் அதிகம் பயம் காட்டின.

மற்றவர்கள் குழம்பினார்கள். நான் குழம்பவில்லை. லொறியின் பின்னால் தொங்கிக்கொண்டு வளர்ந்தவன் நான். டிரைவர் பார்க்கிற ரோடும் கிளீனர் பார்க்கிற ரோடும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவனும் தான் நின்ற இடத்திலிருந்துதான் சொல்வான். சொல்லாமல் விடுவதையும் அங்கே நின்றுகொண்டுதான் விடுவான். இதை ஒரு பட்டதாரி சொல்லி நான் கேட்டதில்லை.

ஐந்தாவது ஞாயிறு. அறை பூட்டப்பட்ட அந்த முதல் நாளைச் சமையல்காரர் சொல்கிறார்: விடியுமுன் பிடித்த மழை பகல் வரை விடவில்லை, விறகு பற்றவில்லை. பக்கத்தைத் திருப்பினால் அதே நாளின் டயரி: ஆட்கள் காலையில் பால் வெட்டி முடித்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தார்கள்.

"கொஞ்சம் நிப்பாட்டும்மா," என்றேன். "மழையில எவன் பால் வெட்டினான்?"

நாற்பது வருஷம் இறப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த ஓர் அக்கா பின்னால் இருந்தார். "அதானே," என்றார். "பட்ட நனைஞ்சா பால் வெட்டின கோட்டுல நிக்காது. சிரட்டையில தண்ணிதான் நிக்கும். அந்த மழைக்கு எங்கள மலைக்கு வேலைக்கே அனுப்ப மாட்டாங்க."

"அப்ப கிளாக்கர் பொய் எழுதியிருக்கான். அவன்தான் துரைசாணியக் கொன்னவன். எழுதி வச்சுக்கங்க."

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சார் மெல்லச் சிரித்தார். "முதலாளி, அது கிளாக்கரின்ரை பொய் இல்லை. கதை எழுதினவரின்ரை பிழை. அந்தாளுக்கு றப்பர் தெரியேல்லைப் போல."

"சார், நீங்க வந்து ரெண்டு வருஷந்தான் ஆச்சு. மரத்தப் பத்தி எங்ககிட்ட பேசாதீங்க."

"நான் மரத்தைப் பற்றிக் கதைக்கேல்லை. ஒரு வரியை வைச்சு ஒருத்தனைக் கொலைகாரன் ஆக்கேலாது எண்டுதான் சொல்லுறன்."

"பந்தயம் கட்டுங்கப்பா," என்றார் அக்கா, என்னைக் காட்டி. "அடுத்த ஞாயிறு தம்பி சொல்றது தப்புன்னு தெரிஞ்சா, அதுக்கு அடுத்த அத்தியாயத்தத் தம்பிதான் வாசிக்கணும். சரியா இருந்தா சார் வாசிக்கட்டும். அந்தப் புள்ளைக்குந்தான் தொண்ட காயுதுல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். "சரி" என்று என் வாய் சொல்லிவிட்டது. பிறகுதான் உறைத்தது. தோற்றால் என் கடைக்கு வருகிற, என்னை மதிக்கிற அத்தனை பேர் முன்னாலும் எழுத்துக் கூட்ட வேண்டும்.

அந்த வாரம் முழுக்க மருமகளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "கிளாக்கர்தானேம்மா?" "ஞாயித்துக்கிழமை தெரியும் மாமா." சோறு போடும்போது கேட்டேன், குடை மடக்கும்போது கேட்டேன். புத்தகத்தை அவள் கைப்பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

ஞாயிறு வந்தது. இருபத்தைந்து பேர்; படியில்கூட ஆட்கள். மருமகள் வாசித்தாள். இருபது வருஷம் கழித்து, துரை செத்த பிறகு, துரைசாணியே தன் சொந்த ஊரிலிருந்து எழுதின கடிதம் அது. உயிரோடுதான் இருக்கிறாள். பழைய கடிதங்களையெல்லாம் தபாலில் போடுமுன் துரை படிப்பாராம். அதனால்தான் பூச்செடியும் வெயிலுமாம்.

யாரும் யாரையும் கொல்லவில்லை. நான் தோற்றுவிட்டேன்.

மருமகள் குனிந்து என் காதோடு, "நானே வாசிச்சிடவா மாமா?" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியுமோ. "கொடும்மா," என்று புத்தகத்தை வாங்கினேன்.

கடைசி அத்தியாயம். புதிதாக ஒருத்தி பேசுகிறாள்.

"நான்... எழு...த... எழுதப்... படிக்கத்... தெரி...யா..."

படியில் யாரோ இருமினார்கள். என் காது சுட்டது. அக்காதான் சொன்னார்: "அவசரப்படாத தம்பி. அவ சொல்லச் சொல்ல யாரோ எழுதுறாங்க போல. அவளும் இப்படித்தான் நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருப்பா."

உண்மைதான். பால் வெட்டுகிற பெண் அவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். என் வாயில் அவள் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு. அடுத்த சொல் என்ன என்று கேட்கிறவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லோரும் என் உதட்டையே பார்த்தார்கள். துரைசாணிக்குத் தன் சேலையைக் கட்டிவிட்டவள் அவள். தலையில் கம்பளியைப் போர்த்தி, மழையோடு மழையாக ரயிலடிவரை கூட்டிப்போனவள். ரயில் தூரம் போகும்வரை, ஜன்னல் வழியாக அறைக்குள் ஏறி, துரைசாணியின் செருப்பைப் போட்டு நடந்தவர் சமையல்காரர். இதை வாசித்தபோது படியில் இருந்தவர்கள் எழுந்து உள்ளே வந்துவிட்டார்கள்.

அடுத்த வரியில் கிளாக்கர் வந்தார். அன்றைக்கு இந்தப் பால் வெட்டுகிறவள் எங்கே போனாள் என்று துரை பிறகு கேட்டால் அவள் மலையில் வேலைக்கு நின்றதாக இருக்க வேண்டும்; அதற்காக எல்லோருமே பால் வெட்டினதாக எழுதிவிட்டார். பொய்யைப் பிடித்தது நான்தான். ஆனால் பொய் சொன்னவனெல்லாம் குற்றவாளி என்று நினைத்ததும் நான்தான்.

"அப்ப அது எழுதினவரின்ரை பிழை இல்லை," என்றார் சார், முன்னுக்கு நகர்ந்து. "பிறகு? அந்தப் பால் வெட்டினவளைத் துரை சும்மா விட்டாரோ? கெதியா வாசியுங்கோ முதலாளி."

"இருங்க சார். எழுத்துக் கூட்டித்தானே எனக்கு வரும். ஒரு பெரிய சொல்லுல நிக்கிறேன்."

நான் விரலை வைத்து, அந்தச் சொல்லை முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.