கல்லுக்கு ஒரு நாள் லீவு

எங்கள் தோட்டத்துப் பெரிய துரையின் காருக்கு இரண்டு பிரேக்குகள் உண்டு என்று மாமா சொல்வார். ஒன்று காலால் மிதிப்பது, இன்னொன்று கல். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஹேண்ட் பிரேக் என்று ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று கேட்டால், அது துரை தொப்பி மாட்டுவதற்கு என்பார்.

மாமா என் அம்மாவின் தம்பி. சின்ன வயதிலேயே பங்களாவுக்குப் புல் வெட்டப் போய், பிறகு கார் கழுவி, கடைசியில் அந்தக் காரையே ஓட்டும் டிரைவர் ஆனவர். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றைக் காம்பராவில் எங்களோடுதான் இருந்தார். அப்பாவும் அம்மாவும் தேயிலை மலையில் வேலை செய்தார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் என்பதால், மற்ற எல்லா விஷயங்களும் எனக்குத் தெரியும் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் சமதரை என்பது ஸ்டோர் என்று சொல்கிற தேயிலைத் தொழிற்சாலைக்கு உள்ளே மட்டும்தான் இருந்தது. கார் கொட்டகைகூடச் சரிவில்தான். ஆகையால் காரை நிறுத்துவது மாமாவுக்கு ஒரு சடங்கு மாதிரி. முதலில் காலை அழுத்தி வண்டியை நிறுத்துவார். கால் அங்கேயே இருக்க, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுப்பார். அது கிரிக், கிரிக் என்று ஒவ்வொரு பல்லாக ஏறும். பிறகு எஞ்சினை நிறுத்திக் கியரில் போடுவார். இறங்கியதும் பின் சக்கரத்துக்குக் கீழே கல். மறுபடி கிளம்பும்போது கியரை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து கல் இருக்கிறதா என்று பார்ப்பார். பார்க்காமல் ஒரு நாளும் கியரில் கை வைத்ததில்லை.

கொட்டகை வாசலில் நின்று அந்தக் கிரிக் சத்தத்தை எண்ணுவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை அல்ல. நல்ல பிரேக் நாலாவது பல்லிலேயே பிடித்துவிடும் என்பார் மாமா. எங்கள் கார் பதினொன்றில் பிடித்தது. மழை நாளில் பதினொன்றிலும் பிடிக்காது.

அவர் கவனிக்காமல் விட்டதால் அப்படி ஆனதல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்துக்கொள்வார். பிரேக்கிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற கம்பியைத் துடைத்துக் கிரீஸ் பூசுவார். எங்கள் பக்கத்துப் பனிமூட்டத்தில் இரும்பு ஒரு வாரம் சும்மா இருந்தால் துரு ஏறிவிடும். கம்பி தளர்ந்தால் நுனியிலுள்ள நட்டை அரைச் சுற்று முறுக்குவார். முறுக்கி முறுக்கி ஒரு நாள் மரை முடிந்துபோயிற்று. இனி முறுக்க இடமில்லை. சக்கரத்துக்குள் பிரேக்கைக் கவ்விப் பிடிக்கிற லைனிங்கோ தேய்ந்து தகடு தெரிந்தது. புதிது போட வேண்டும் என்று துரையிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

துரைக்குத் தமிழ் தெரியும். அவர் தமிழில் எல்லா வாக்கியமும் உத்தரவாகத்தான் முடியும். மூன்று தடவையும் ஒரே பதில்தான் வந்தது.

“கல்லு போடு. போதும்.”

கல்லு போதவில்லை என்பது கினிகத்தேனைக் கடைத்தெருவில் தெரிந்தது. துரைசாணி கடைக்கு இறங்கியிருக்கிறார். துரையின் சின்ன மகள் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா குடை பிடித்துக்கொண்டு துரைசாணியைக் கடை வாசல் வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பியபோது, ஈர ரோட்டில் கல் வழுக்கிக் கார் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. பழைய கார்; கியரில் இருந்தும் எஞ்சினைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. மாமா குடையை வீசிவிட்டு ஓடிப்போய் முதுகைக் கொடுத்துத் தாங்கினாராம். கடை முதலாளி ஒரு விறகுக் கட்டையோடு ஓடி வந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். பிள்ளை விழிக்கவே இல்லை. துரைசாணி வெளியே வந்து பார்த்தது சேற்றில் கிடந்த குடையை மட்டும்தான். அதற்குத்தான் மாமாவுக்கு ஏச்சு விழுந்தது.

அன்று மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. துரையிடம் சொல்ல வேண்டியதுதானே என்று அம்மா கேட்டார்.

“சொன்னேன்க்கா. கல்லப் பெருசாப் போடுன்னுட்டாரு.”

“புள்ள உள்ள இருந்திச்சின்னு சொன்னியா?”

“சொன்னா, புள்ளய விட்டுட்டு ஏன் எறங்குனேம்பாரு. நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சின்னா பிரேக்குக்கா பத்துச்சீட்டு குடுப்பாங்க? எனக்குத்தான் குடுப்பாங்க.”

பத்துச்சீட்டு என்றால் வேலையும் போய்த் தோட்டத்தை விட்டும் போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அடுத்த லயத்தில் ஒரு குடும்பம் அப்படிச் சட்டி பானையோடு போனதைப் பார்த்திருந்தேன். அன்றைக்கு என் சோறும் இறங்கவில்லை.

மாமா ஆற்றிலிருந்து பெரிய கல் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். கறுப்புக் கல், பறங்கிக்காய்க் கீற்று மாதிரி ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்தது. அது காரின் டிக்கியில் ஏறி நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் போய் வந்தது. நான் அந்த ஊர்களைப் பார்க்காத காலம். கல்லின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் நிறைய மரியாதையும் இருந்தன.

இப்படி இருக்கையில் ஆயுத பூசை வந்தது. முதல் நாள் மாலை மாமா காரைக் கழுவினார். நான் துணி பிழிந்து கொடுத்தேன். நாளைக்கு எல்லா ஆயுதத்துக்கும் லீவு, எதையும் தொடக் கூடாது என்று நான் படித்தவன் தோரணையில் சொன்னேன். மாமா சக்கரத்துக் கல்லைக் காலால் தட்டினார்.

“நம்ம வண்டியில நெசமா வேலை செய்யிறது இவன் ஒருத்தந்தான் மாப்ள. இவனுக்கு யாரு லீவு குடுக்கிறா?”

அவர் அதோடு விட்டுவிட்டார். நான் விடவில்லை.

மறுநாள் காலை கொட்டகை வாசலில் வாழைக் குருத்தும் மாவிலையும் கட்டியிருந்தார்கள். கார் வெளியே சரிவில், மேட்டைப் பார்த்து நின்றது. அதன் பக்கத்தில் சாக்கு விரித்துத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண் கிளறுகிற முள்ளு, சுரண்டி, கொழுந்துக் கூடை, மாமாவின் ஸ்பேனர்கள் எல்லாம் வரிசையாகத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அம்மாவுக்கு மாமாவின் மேல் கோபம். பங்களா மாட்டுக்கு வெட்டிய புல்லுக்கட்டுகளைத் தொழுவத்தில் போடாமல், காருக்குப் பின்னால் கீழே மண்மேட்டை ஒட்டி அடுக்கச் சொன்னாராம். பூசை நாளில் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்றாராம்.

“புல்லுல என்னா பார்வ இருக்கு இவனுக்கு?” என்று முனகிக்கொண்டே அம்மா ஆறு கட்டுச் சுமந்து போட்டார்.

எல்லோரும் தேங்காய், பழம் என்று அலைந்துகொண்டிருந்த நேரத்தில் நான் பின் சக்கரத்திலிருந்து கல்லை உருவினேன். கார் கியரில் இருந்ததால் அசையவில்லை. கல் இருந்த இடத்தில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தேன். மற்ற மூன்று சக்கரத்துக்கும் ஏற்கனவே வைத்திருந்தார்கள். பூசை முடிந்ததும் கார் அவற்றை நசுக்கிக்கொண்டு நகர வேண்டும், அதுதான் வழக்கம். கல்லைத் தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் கொண்டுபோய்க் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஸ்பேனருக்கும் கொழுந்துக் கூடைக்கும் நடுவில் உட்கார வைத்தேன். கல்லும் கூட்டத்தோடு பொருந்திப்போயிற்று.

மாமா வந்து வரிசையைப் பார்த்தார். கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பங்களாத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த டேலியாப் பூவில் ஒன்றை எடுத்துக் கல்லின் தலையில் வைத்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

துரை குடும்பத்தோடு வந்தார். மாலை போட்டுப் பொட்டும் வைத்தார்கள்; துரை வருசா வருசம் போல இருமிக்கொண்டு ஏற்றுக்கொண்டார். சின்ன மகள் காரில் ஏறி உட்கார வேண்டும் என்று அடம் பிடித்தாள். மாமா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

“பூசை முடியிற மட்டும் உள்ள ஆரும் ஒக்காரக் கூடாதுங்க பாப்பா. சாமி குத்தம்.”

அப்படி ஒரு வழக்கத்தை அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, நான் கேள்விப்பட்டதில்லை. காருக்குப் பின்னால் நின்ற எங்களையும் மேட்டுப் பக்கம் வரச் சொல்லி விரட்டினார். கீழே நின்றால் சாமி தெரியாதாம்.

தேங்காய் உடைத்தார்கள். சூடம் காட்டினார்கள். மாமா முன்சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பும்படி ஸ்டியரிங்கை ஒடித்தார், கியரை எடுத்தார், இறங்கினார். ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற கார் அது. சுற்றும்போது கியரில் இருக்கக் கூடாது. ஹேண்டிலை எடுத்துக்கொண்டு காரின் முன்பக்கம் வந்து குனிந்தார்.

பச்சக் என்று ஒரு சத்தம். நான் வைத்த எலுமிச்சம்பழம்.

கார் அவசரமே இல்லாமல் பின்னால் போயிற்று. மூஞ்சியில் மாலையும் பானட்டில் புகைகிற ஊதுபத்தியுமாக, எங்களைப் பார்த்துக்கொண்டே, விடைபெறுகிற விருந்தாளி மாதிரிப் போயிற்று. பிறகு வேகம் பிடித்தது. வால் பக்கம் வளைந்து மண்மேட்டுப் பக்கம் திரும்பிப் புல்லுக்கட்டுகளில் புதைந்து நின்றது. பின் விளக்கு ஒன்று உடைந்தது. ஊதுபத்தி அணையவில்லை.

துரைசாணி மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். துரை நேரே நடந்துபோய்க் காரின் கதவைத் திறந்தார்.

“ஹேண்ட் பிரேக் போட்டது?”

“போட்டேங்க தொரை. பதினோரு பல்லு.”

துரை லிவரைத் தொட்டுப் பார்த்தார். அது உச்சியில்தான் நின்றது. இன்னும் இழுத்துப் பார்த்தார், இழுக்க இடமில்லை. மேட்டில் ஏறித் திரும்பி வந்தார். கழுத்து சிவந்திருந்தது.

“கல்லு எங்கே?”

எல்லோருடைய கண்ணும் பூசை வரிசைக்குப் போயிற்று. அங்கே கல் டேலியாப் பூ சூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடுத்த லயத்துக் குடும்பத்தின் சட்டி பானை கண்ணில் வந்தது. ஆனால் உண்மை பேச வேண்டும் என்று வாத்தியார் அந்த வாரம்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தார். முன்னால் வந்து, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன்:

“நான்தான் எடுத்தேன், ஐயா.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாமா என் தலையில் கை வைத்துப் பின்னால் தள்ளினார்.

“கல்லு பூசையில இருக்குங்க தொரை. வேலை செய்யிற சாமான் எல்லாம் இன்னிக்குப் பூசையில வைக்கணுங்க. இன்னிக்கு ஒரு நாளு அதத் தொடக் கூடாதுங்க.”

துரை கல்லைப் பார்த்தார். வேலை செய்கிற சாமான்களுக்கு நடுவில் அது இருந்ததையும், ஹேண்ட் பிரேக் இல்லாததையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஸ்டோர் ஆட்கள் நின்ற பக்கத்திலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள்:

“கல்லுக்கு ஒரு நாளு லீவு. பிரேக்குக்கு வருசம் பூரா லீவு.”

துரைக்கு அந்த அளவு தமிழ் புரிந்ததா என்று தெரியாது. அவர் மகள் நின்ற இடத்தைப் பார்த்தார், புல்லுக்கட்டைப் பார்த்தார், பங்களாவுக்கு நடந்தார். அந்த வாரமே கார் ஹட்டனுக்குப் போய்ப் புது லைனிங்கும் புதுக் கம்பியுமாகத் திரும்பி வந்தது. பத்துச்சீட்டு வரவில்லை.

கார் திரும்பி வந்த அன்று மாலை கொட்டகை வாசலில் நின்று எண்ணினேன். கிரிக், கிரிக், கிரிக், கிரிக். நாலில் நின்றுவிட்டது. ஐந்துக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. மாமா இறங்கி, குங்குமக் கறை போகாத அந்தக் கல்லைப் பழையபடி சக்கரத்தடியில் தள்ளினார். புது பிரேக்குதான் இருக்கிறதே என்றேன். அவனுக்கு லீவு முடிந்துவிட்டது என்றார்.

என் மனம் மட்டும் ஆறவில்லை. கல்லை உருவி மாமாவின் வாழ்க்கையைக் கவிழ்க்கப் பார்த்தவன் நான் என்று வெகு காலம் வரை கோயிலுக்குப் போகும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாமாவிடமே ஒரு தடவை அழுதுகொண்டு சொன்னேன். நீ வைத்த பூசையில்தான் புது பிரேக் வந்தது என்று சொல்லிச் சிரித்தார். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நானும் ஒரு வாத்தியார். போன மாதம் பாடசாலையைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். அவருடைய பழைய கார் எங்கள் வாசல் மேட்டில் நின்றது. கிளம்பும் நேரத்தில் அவருடைய டிரைவர், கியரில் கை வைப்பதற்கு முன்னால் இறங்கிக் குனிந்து சக்கரத்தடியில் கல் இருக்கிறதா என்று பார்த்தார். இந்த மலையில் கார் ஓட்டுகிற யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன். பூசை நாளில் மாமா குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. கல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பூ வைத்ததே அவர்தான்.