ஒரு தட்டு என்றால் விட்டுவிடு

அந்த ஸ்டீல் ஸ்கேல் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. ஒரு முனை லேசாக வளைந்திருக்கும், அக்கா தட்டித் தட்டி வளைந்தது. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில், பழைய புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஆபீசில் என்னோடு ஒன்பது வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்தவள். யூரியா வாடையும் கண்டக்டர்கள் கூவுவதும் மேலே வந்துகொண்டே இருக்கும். பழைய பக்கங்களை மெஷின் படித்துத் தரும், தப்பும் தவறுமாக. அக்கா அச்சுப் புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பாள், நான் திரையைப் பார்த்துத் திருத்துவேன். எழுதியவரே ஒரு சொல்லை வழக்கத்துக்கு மாறாக எழுதியிருந்தால், ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டு. அதில் கை வைக்காதே என்று அர்த்தம்.

எனக்குப் பொறுமை கிடையாது. "இன்னாக்கா இந்த ஆளு, ஒரே சொல்ல பக்கத்துக்குப் பக்கம் வேற வேற மாதிரி எழுதி வச்சிருக்காரு? எல்லாத்தையும் மாத்திட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்று கத்துவேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். "அவரு செத்துட்டாருடி. எழுந்து வந்து உங்கிட்ட சண்டையா போடப்போறாரு? நாமதான் பாத்துக்கணும்."

பிறகு தொண்டையில் கட்டி என்றார்கள். பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்தார்கள், உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. மூன்றாம் மாதமே கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு மண்டகப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வந்துவிட்டாள், பிடிவாதக்காரி. அதன்பிறகு நான் திரையைப் பார்த்து வாசித்தேன், அவள் புத்தகத்தில் விரலை ஓட்டினாள். ஒரு தட்டு என்றால் விட்டுவிடு, இரண்டு தட்டு என்றால் மெஷின் செய்த தப்பு, திருத்து. மற்றப் பேச்சுக்கெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டு. அதில் வாயில் வருகிற மாதிரியே எழுதுவாள். கொயம்பு, வாயப்பயம், நைனா வந்துச்சு. நூறு பக்கத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவள்! "உனுக்கே இது நியாயமாக்கா?" என்று கிண்டல் பண்ணினேன். நோட்டை வெடுக்கென்று இழுத்து எழுதினாள்: "தொண்டதான்டி போச்சி. பேச்சுமா போவணும்?"

போன வருஷம் கட்டி திரும்ப வந்தது. இந்த முறை விடவில்லை. சாவுக்குப் போனேன், மாலை போட்டேன், மறுநாள் ஆபீசுக்கு வந்து என் பங்குப் பக்கங்களை முடித்தேன். அழவில்லை. எதுவுமே தோன்றவில்லை, அதுதான் உண்மை.

நாலு நாள் கழித்து அக்காவின் வீட்டுக்காரர் படியேறி வந்தார். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். கையில் அந்த நோட்டு. "காரியத்துக்கு வர்றவங்களுக்கு இத பிரிண்டு போட்டுக் குடுக்கணும்மா. கடைசியா அவ பேசுனதெல்லாம் இதுலதான் இருக்குது" என்றார். இரண்டே நாளில் அடித்து முடித்தேன். கை வேலை செய்தது, நான் எங்கேயோ இருந்தேன்.

மாமா வந்து நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். பிறகு தாளை மேசையில் வைத்தார். "நல்லாத்தாம்மா இருக்குது" என்றார். முதல் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். "இது யாரு எழுதுனது?"

எனக்கு விளங்கவில்லை. தாளை எடுத்துப் பார்த்தேன். கொயம்பு குழம்பாகியிருந்தது. நைனா வந்துச்சு என்றது தந்தை வந்தார் என்று ஆகியிருந்தது. முழுக்க முழுக்கச் சுத்தமான தமிழ், அக்கா ஒரு நாளும் பேசாத தமிழ். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகத் திருத்திக்கொண்டே போயிருக்கிறது. தட்டுவதற்கு எதிரே ஆள் இல்லை. முகம் தெரியாதவர்கள் எழுதியதையெல்லாம் அப்படியே காப்பாற்றிக் கொடுத்தவளை நானே துடைத்து வைத்திருக்கிறேன். அவளும் எழுந்து வந்து சண்டை போடப்போவதில்லை. வெட்கமாக இருந்தது. அப்போதும் அழுகை வரவில்லை.

"நாளைக்குத் தரேன் மாமா" என்று அனுப்பிவிட்டு, நோட்டைத் திருப்பி முதல் பக்கத்தை எடுத்தேன். ஸ்கேலை இடது கையில் பிடித்துக்கொண்டேன். முதல் வரி, வேலைக்குத் திரும்பிவந்த அன்று எனக்கு எழுதிக் காட்டியது. "இன்னாடி, சாப்ட்டியா?" அதை நான் "என்னடி, சாப்பிட்டாயா?" என்று ஆக்கி வைத்திருந்தேன். பழையபடியே மாற்றினேன். மேசையில் ஒரு தட்டு தட்டினேன்.

"இன்னும் இல்லக்கா" என்றேன், வாய்விட்டு.