பச்சைப் புள்ளி

நம்பினால் நம்புங்கள், இது சத்தியமாக நடந்தது. என் அக்கா கணவருக்கும் தங்கை கணவருக்கும் நடந்தது. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல். பெரிய மச்சான் இதை ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னார், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல்.

இருவரும் சேர்ந்து ஏசி வேலை பார்த்தவர்கள். ஒரு மூன்று மாடி அலுவலகத்தில் அறையின் வெப்பத்தைக் காட்டிக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவியை அறைக்கு ஒன்றாக மாட்டி, எல்லாவற்றையும் நெட்வொர்க்கில் இணைத்திருந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. எந்த எண்ணுள்ள கருவி எந்த அறையில் இருக்கிறது என்று சரிபார்ப்பது மட்டும்தான் பாக்கி. ஒருவர் வரிசைப்படி அறை அறையாகப் போய்க் கருவியின் பட்டனை இரண்டு முறை அழுத்த வேண்டும். மற்றவர் கீழே மெஷின் ரூமில் கணினி முன் உட்கார்ந்திருப்பார். திரையில் பச்சைப் புள்ளி 'பீப்' சத்தத்தோடு இரண்டு முறை மின்னும். உடனே அந்த எண்ணுக்கு அறையின் பெயரைப் பதிவு செய்வார்.

"உங்க முட்டிக்கு மாடிப்படி ஆகாது. நீங்க மகாராஜா மாதிரி உக்காருங்கண்ணே," என்று கிண்டலடித்துவிட்டுச் சின்ன மச்சான் மேலே போனார்.

முதல் அறை மின்னியது. இரண்டாவதும் மின்னியது. மூன்றாவதற்குக் கொஞ்சம் தாமதம்... பிறகு அதுவும் மின்னியது.

அப்போதுதான் பெரிய மச்சான் ஒன்றைக் கவனித்தார். ஆள் கிட்டே நின்றால் தெர்மோஸ்டாட்டில் வெப்பம் கொஞ்சமாவது ஏறும். இந்த மூன்றாவது அறையில் இறங்கியது. புதுக் கருவி, ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார்.

அடுத்த அறை மாடியின் மறுகோடியில் இருந்தது. நடக்கவே நேரமாகும். நொடியில் மின்னியது.

"ஓடுறானா என்ன?"

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது... எடுக்கவில்லை. போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தார்.

பீப்... பீப்.

அடுத்த அறை மின்னியது. ஆள் வேலையில்தான் இருக்கிறான் என்று உட்கார்ந்தார்.

இரண்டாம் மாடியும் முடிந்தது. மறுபடி போன். மறுபடி பதில் இல்லை. மறுபடி எழுந்தார்.

பீப்... பீப்.

உட்கார்ந்தார்.

மூன்றாம் மாடியும் முடிந்தது. ஒரே ஒரு எண்தான் பெயரில்லாமல் நின்றது. அது மெஷின் ரூமிலேயே இருந்த கருவி. அவர் முதுகுக்குப் பின்னால், சுவரில்.

பீப்... பீப்.

திரும்பினார்.

யாருமில்லை.

கருவியின் திரையில் மட்டும் வெளிச்சம்... யாரோ இப்போதுதான் விரலை எடுத்ததுபோல.



எப்படிப் படியேறினார் என்று அவருக்கே தெரியாது. மேலே வெகுதூரம் போகவும் வேண்டியிருக்கவில்லை. முதல் மாடியில், மூன்றாவது அறைக்கு வெளியிலேயே சின்ன மச்சான் கிடந்தார். கதவைத் திறக்கக்கூட இல்லை.

மாரடைப்பு என்றார் டாக்டர். "விழுந்ததும் போயிடல. அரை மணி நேரமாவது உயிர் இருந்திருக்கு. யாராவது வந்து பாத்திருந்தா பொழைச்சிருப்பார்."

மற்ற அறைகள் எல்லாம் மின்னி முடிக்க ஆனதும் அரை மணி நேரம்தான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு தங்கை அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"ஒரு தடவகூட மேல போய்ப் பாக்கணும்னு தோணலையா மாமா?"

பெரிய மச்சான் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ரெண்டு தடவ எழுந்தேம்மா... எழுந்தப்பல்லாம் அது என்னைய உக்கார வெச்சிடுச்சு."