கங்காணியின் கடைசிச் சொல்

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் என்னை 'எருமை' என்று திட்டினார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷங்க" என்றேன்.

பைத்தியமா எனக்கு? இல்லை... கேளுங்கள்.

திட்டியவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மாயாண்டி. நோர்வூட் பக்கம் அவரைப் பார்க்காதவர்கள்கூட அவர் குரலைக் கேட்டிருப்பார்கள். காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பேர் கூப்பிடுகிறவர் அவர்தான். பேருக்கு முன்னால் ஒரு 'எருமை' போடாமல் யாரையும் கூப்பிட்டதில்லை. தோட்டத்துத் துரைக்கு மட்டும் விலக்கு — அதுவும் துரை எதிரில் நிற்கும்போது மட்டும்.

சென்ற வருடம் அவருக்கு முகம் உப்பியது, கால் பருத்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் அவர் மனைவி பேச்சியம்மாவைப் பாராட்டினார்கள். "கங்காணி நல்லா சதை போட்டுட்டாரே, அப்படி என்னத்த ஆக்கிப் போடுறீங்க?" நானும் கேட்டேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடமாகச் சுகாதாரப் பாடம் நடத்துகிற வாத்தியார் நான்! விரலால் ஒரு தடவை அந்தக் காலை அமுக்கிப் பார்த்திருந்தால் குழி விழுந்திருக்கும். எங்கே பார்த்தேன்?

பிறகு ஒரு நாள் பெரட்டில் 'எருமை...' என்று ஆரம்பித்தவர் பேரைச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து முன்னால் வந்தார். அவர் கையிலிருந்த கம்பு விழுந்தது. அப்புறம் கங்காணியும் விழுந்தார்.

கொழுந்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள் — ரத்தம் கலந்து சிவப்பாக வந்தது. சிறுநீரைக் குழாயில் ஊற்றிச் சூடு காட்டினார்கள் — அவித்த முட்டைபோல் வெள்ளையாகத் திரண்டது.

"சதை இல்லை மாஸ்டர், எல்லாம் நீர்" என்றார் டொக்டர். சிறுநீரகம் பல வருடமாகக் கெட்டிருக்கிறதாம். அதனால் பிரஷர் ஏறி, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. கழிவு தேங்கிய ரத்தம் லேசில் உறையாது. மருந்தையும் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். "பிழைத்தாலும் தேறுவது மெதுவாகத்தான். முழுசாகத் தேற மாட்டார்."

பிழைத்தார். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. எது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"உங்கள் பெயர் என்ன?" என்று டொக்டர் கேட்டார்.

"எருமை."

டொக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. பேச்சியம்மா பதறிப்போய், "கோவிச்சுக்காதீங்க ஐயா, நல்லா இருந்தப்பவும் இப்படித்தாங்க" என்றார்.

இப்படி அடிபட்ட மூளையில் மற்றதெல்லாம் போனாலும், பழகிய வசவு சில பேருக்குத் தங்கிவிடுமாம். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. எனக்கு அப்படி வந்தால் எந்தச் சொல் மிஞ்சும்? என் மாணவர்களைக் கேட்டால் தெரியும்... வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் உப்பில்லாச் சோறு. மூன்று வேளையும் தட்டைப் பார்த்து 'எருமை!' லயமே அதைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொண்டது.

பத்து நாள் முன்னால் பேச்சியம்மா பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தார்.

"மாஸ்டர், அவரு சத்தமே போடாம உப்பில்லாச் சோறு திங்கிறாருங்க!"

நான் சிரித்தேன். "நல்லதுதானே? பழகிட்டாரு."

"நாலு வாய் தின்னுட்டாரு, ஒரு எருமைகூட வரலைங்க! ரெண்டு நாளா வயித்தால வேற போச்சு. லொறிக்குச் சொல்லுங்க!"

என் சுகாதாரப் பாடம் இரண்டாவது தடவையும் தோற்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் தெரிந்தது: பேச்சியம்மாவின் கணக்குத்தான் சரி. உடம்பில் நீர் வற்றி, மிச்சமிருந்த சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்திருக்கிறது. கழிவு தலைக்கேறி ஆள் மயங்கிக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் முடிந்திருக்கும்" என்றார் டொக்டர். சேலைன் ஏற்றினார்கள். ஒரு வாரம் கங்காணி வாயைத் திறக்கவில்லை. பேச்சியம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் திறந்திருந்தது. குனிந்து கேட்டேன்: "கங்காணி, என்னைத் தெரியுதுங்களா?"

நீண்ட நேரம் உற்றுப் பார்த்தார். உதடு கோணியது.

"எரு...மை."

பேச்சியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தெரியுதாம் மாஸ்டர்!"