மூச்சு விடாத லூவர்

சமீபத்தில் எங்கள் வீட்டு அலமாரி ஒன்றின் மேல் விசாரணை நடந்தது. விசாரித்தவள் என் மனைவி செல்வராணி. காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். பழக்கம் விடுமா?

எங்கள் வீடு தென்காசியை ஒட்டிய மேலகரத்தில். சாரல் தொடங்கிவிட்டால் துணி காயாது, உப்பு நீர்த்துப்போகும், படுக்கையறை அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை முகத்தில் அடிக்கும். எனக்கு அது வெறும் வாடை. செல்வராணிக்கு வீசிங். இந்த வருடம் ஒரு வாரம் முழுக்க, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினாள். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிட்டு, "முதல்ல அந்த அலமாரிக்குள்ள காத்துப் போக வழி பண்ணுங்க" என்றார்.

சரி, லூவர் கதவு போடலாம் என்று முடிவு செய்தோம். சாய்வான பட்டைகளை அடுக்கி, இடையிடையே சந்து விட்ட கதவு. உள்ளே இருக்கும் குப்பை வெளியே தெரியாது. காற்று போய் வரும். அதற்காகவே கண்டுபிடித்த கதவு.

தென்காசியில் ஒரு இன்டீரியர் கடைக்குப் போனேன். டிசைனர் டேப்லெட்டில் படம் காட்டினார். தந்த நிறம், தங்க நிறக் கைப்பிடி... அலமாரியா, நட்சத்திர ஹோட்டலா என்று சந்தேகம் வந்தது. உடனே ஓகே சொன்னேன். கதவுகள் வந்து மாட்டியதும் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு எல்லாம் அனுப்பினேன். அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

பத்தே நாள். செல்வராணிக்கு மறுபடியும் இழுப்பு.

கதவுக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு பட்டைகளுக்கு நடுவே விரல் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் முட்டி நின்றது. டிசைனருக்கு போன் போட்டாள்.

அவர் வந்ததும் ஜன்னல் திரைகளை இழுத்து மூடினாள். டார்ச்சை எரியவிட்டு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"தம்பி, வெளிச்சம் எங்கன வழியா வருது, காட்டு."

"வரல மேடம்."

"வெளிச்சமே வரல. காத்து எப்படிய்யா வரும்?"

"பின்னால ஃபுல் பேனல் இருக்கு மேடம். பட்டைய மேல ஒட்டியிருக்கோம். இது லூவர் லுக். கேட்டலாக்ல அப்படித்தான் போட்டிருக்கு. சார்தான் ஓகே சொன்னாங்க."

செல்வராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ பேர் அந்தப் பார்வையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது.

லுக்! இந்த ஒரு சொல்தான் இன்று வீடு கட்டுகிறது. மரம் மாதிரி டைல்ஸ். கல் மாதிரி வால்பேப்பர். எதிரே மலை பச்சையாக நிற்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் பால்கனியில் பிளாஸ்டிக் புல் விரித்து, அதற்கு வேக்குவம் கிளீனர் போடுகிறார். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலுக்குக் காரில் வந்து இறங்குகிறவர்கள், பூவுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்கள். பூவைப் பார்க்க வேண்டியது போன்தானே? இவர்களையெல்லாம் நான் கேலி செய்வேன். ஆனால் மூச்சுத் திணறும் மனைவிக்காகக் கதவு வாங்கப் போய், கைப்பிடியின் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டியவன் நான். காற்று எந்த வழியாகப் போகும் என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

குத்துக்கல்வலசையிலிருந்து மாரியப்பன் என்ற தச்சர் வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார்.

"இது மரமில்ல அண்ணாச்சி, தூள அமுக்கிச் செஞ்ச பலகை. இதுல பட்டை சொருவக் காடி வெட்டுனா உதிந்துரும்."

"அப்ப தூக்கிப் போட்டுரவா?"

"எதுக்கு? சுத்துச் சட்டத்த விட்டுட்டு நடுவுல உள்ளத வெட்டி எடுத்துருவோம். தேக்குல சின்னச் சட்டம் அடிச்சு, பட்டையச் சாய்ச்சுச் சொருவி, அந்த ஓட்டைக்குள்ள வச்சுரலாம்."

பிறகு அலமாரிக்குப் பின்னால் கையை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"இத யாரு வெளிச்சுவரோட ஒட்டி வச்சது? ஈரமெல்லாம் இதுக்குள்ளல்லா இறங்குது."

செல்வராணியின் விரல் என் பக்கம் நீண்டது.

மூன்று நாள் வேலை. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்தினார். முதுகுப் பலகையில் மேலும் கீழும் துளை போட்டு, பூச்சி வராமல் வலை அடித்தார். புதுத் தேக்குக்கும் தந்த நிறத்துக்கும் சுத்தமாகப் பொருந்தவில்லை. போட்டோவுக்கு லாயக்கில்லாத கதவு.

சாரல் இன்னும் நிற்கவில்லை. வாடை குறைந்துவிட்டது. இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்ஹேலர் இப்போதும் கட்டிலருகே இருக்கிறது. ஆனால் செல்வராணி ஒரே தலையணையில் படுத்துத் தூங்குகிறாள். முதல் நாள் அதைப் பார்த்ததும், மிச்சத் தலையணைகளை எடுத்து அந்த அலமாரிக்குள்ளேயே வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவை உற்றுப் பார்த்தார்.

"இவ்வளவு சந்து இருக்கே, தூசி அடையாதா?"

"அடையும். துடைச்சுக்கிடுவோம்" என்றாள் செல்வராணி.

பட்டை பட்டையாகத் துடைப்பது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.